கஷ்டமெல்லாம் வாசலில்தான்

கேள்வி: என் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. கல்ச்சர் ரிப்போர்ட்டில் 'ஈ.கோலை, கிராம் நெகட்டிவ்' என்று எழுதி, பாதி மருந்துகளுக்கு நேரே 'ஆர்' (அந்த மருந்து பலிக்காது) போட்டிருந்தார்கள். இந்தக் கிருமிக்குப் புது மருந்து செய்வது அவ்வளவு கஷ்டமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: கஷ்டம்தான் சகோதரி. நான் மருந்து வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். புதுச் சேர்மத்தில் நனைத்த வட்டத்தாளை, கிருமியைப் பரப்பிய அகார் தட்டில் வைப்போம். மறுநாள் காலை ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிராம் பாசிட்டிவ் கிருமியின் தட்டில், தாளைச் சுற்றிக் கிருமி வளராமல் பளிச்சென்று வெற்று வளையம் தெரியும். பக்கத்து ஈ.கோலை தட்டிலோ கிருமி தாளின் விளிம்பு வரை ஒட்டி வளர்ந்திருக்கும். மருந்தை வெளியே தள்ளும் பம்பை நீக்கிய ஈ.கோலை மேல் அதையே வைத்தால் பல சமயம் வளையம் வந்துவிடும். மருந்தில் குறையில்லை, கிருமிக்குள் அது தங்க முடியவில்லை என்று அப்போது புரியும்.

கிராம் பாசிட்டிவ் கிருமிக்கு ஒரு சவ்வுதான்; ஈ.கோலை மாதிரி கிராம் நெகட்டிவ் கிருமிக்கு இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வின் மேல் கொழுப்பும் சர்க்கரையும் கலந்த நெருக்கமான அடுக்கு. பெரும்பாலும் போரின் என்ற குறுகலான புரதத் துளைகள் வழியாகத்தான் மருந்து உள்ளே போகவேண்டும். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாதிரி பெரிய மூலக்கூறு அதில் நுழையாது. நுழைந்ததையும் பம்புகள் இறைத்துக் கொட்டிவிடும்.

பென்சிலின் ஜி-யோடு ஒரே ஒரு அமினோ தொகுதியை (நைட்ரஜன் உள்ள சின்னத் துணுக்கு) சேர்த்தால் அது ஆம்பிசிலின். 1961-ல் விற்பனைக்கு வந்த அந்த மருந்து ஈ.கோலையையும் பிடித்தது. இது எதனால் என்பதற்கு 2017-ல் நல்ல விடை கிடைத்தது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பால் ஹெர்கன்ராதர் குழு 180-க்கு மேற்பட்ட சேர்மங்களை எடுத்து, ஒவ்வொன்றும் ஈ.கோலைக்குள் எவ்வளவு சேர்கிறது என்று அளந்தது. உள்ளே சேர என்ன வேண்டும் என்று தெரிந்தது: திறந்த அமினோ தொகுதி வேண்டும், மூலக்கூறு தட்டையாக இருக்கவேண்டும், அதிகம் வளைந்து நெளியக்கூடாது. பிறகு, கிராம் பாசிட்டிவ் கிருமியை மட்டுமே கொன்ற டிஆக்ஸிநைபோமைசின் என்ற சேர்மத்தில் ஓர் அமினோ தொகுதியைப் பொருத்தினார்கள். ஈ.கோலையும் செத்தது! ஊகத்தில் ஓடிக்கொண்டிருந்த எங்கள் வேலைக்கு அது பெரிய வெளிச்சம்.

அதே குழு 2024-ல் லோலாமைசின் என்ற புது ஆன்டிபயாடிக்கை அறிவித்தது. எலிகளில் நோய்க்கிருமியைக் கொன்றது, குடலின் நல்ல பாக்டீரியாவைப் பெரிதாகத் தொடவில்லை. அது மருந்துக்கடைக்கு வர இன்னும் நிறையத் தூரம் இருக்கிறது. அம்மாவுக்கு இப்போதைக்கு, ரிப்போர்ட்டில் 'எஸ்' (பலிக்கும்) போட்ட மருந்துகளில் டாக்டர் தேர்ந்தெடுப்பதைச் சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள். காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்த வேண்டாம்.