சிகிச்சைக்குப் பிறகு வேலையில் மனசு ஒட்டவில்லை, விட்டுவிடலாமா?

மார்த்தாண்டம் பக்கம் அண்டியாபீஸில் (முந்திரிப் பருப்பு ஆலையில்) மேற்பார்வை வேலை, புற்றுநோய்க்குக் கீமோ மருந்துச் சிகிச்சை முடிந்து திரும்பியிருக்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். உடனே ராஜினாமா எழுதாதீர்கள். கீமோவின் அசதி பல மாதம்கூட நீடிக்கலாம். உடம்பு தளர்ந்திருக்கும்போது பிடித்த வேலையும் வெறுப்பாகத்தான் தெரியும். பலரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எந்த வேலை, எத்தனை மணிக்கு, முடித்தபின் மனசு எப்படி. காலையில் செய்தும் கசக்கிற வேலை எது என்று பாருங்கள். மாலையில் எல்லாமே கசக்கும், அது கணக்கில் வராது. புதிதாக வந்த பெண்ணுக்குப் பருப்பு உடையாமல் தோல் உரிக்கக் கற்றுக்கொடுத்த அரைமணி நேரம் இனித்து, உற்பத்திக் கணக்குக்காகத் தொழிலாளிகளை விரட்டியது உறுத்தினால், மாற்ற வேண்டியது பொறுப்பைத்தான். பயிற்சி வேலையை முதலாளியிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். முதல் மாதம் அரைநாள் வேலையும் கேட்கலாம்.

குடும்பத்தாரிடமும் பேசுங்கள், ஆனால் அவர்கள் பயத்தில் "வீட்டிலேயே இரி" என்பார்கள். அதை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் சாதாரண நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாள், 70 சதவீதக் கூலி. புற்றுநோய்க்குத் தகுதி இருந்தால் நீட்டிப்பில் 80 சதவீதம், அதிகபட்சம் 2 ஆண்டு. இதை விசாரிக்காமல் வேலையை விடாதீர்கள்.