வெடித்த உருண்டைகள்

அன்புள்ள அக்கா,

நியூ ஜெர்சியில் இருக்கிறோம். ஏழு வயது மகளுக்கு இரண்டு நெருங்கிய தோழிகள். ஒருத்தி யூதச் சிறுமி, இன்னொருத்தி சீனச் சிறுமி. 2025 டிசம்பர் 21 அன்று யூதர்களின் பண்டிகையான ஹனுக்காவின் எட்டாம் இரவும், ஆண்டின் மிகக் குறுகிய பகலைச் சீனர்கள் கொண்டாடும் தோங்ஜியும் ஒன்றாக வந்தன. இரண்டையும் வீட்டில் செய்யலாம் என்று மகள் ஆசைப்பட்டாள். ஹனுக்காவுக்கான லாட்கே, அதாவது துருவிய உருளைக்கிழங்கு அடை, எண்ணெயில் உதிர்ந்துபோனது. தோங்ஜிக்காக அவள் உருட்டிய தாங் யுவான் என்ற ஒட்டரிசி மாவு உருண்டைகள் எல்லாம் வெடித்துவிட்டன. தூக்கிப் போட்டுவிட்டு, கடையில் உறைந்த பாக்கெட் வாங்கிவந்து கொதிக்க வைத்துக் கொடுத்தேன். சாப்பிடாமல் தூங்கிவிட்டாள். மற்றவர்களின் பண்டிகையை நாம் வீட்டில் செய்வது சரிதானா? ஹனுக்கா விளக்கு ஏற்றலாமா? குழந்தைகளுக்கான கைவேலை கிட் எது நல்லது?

கே.

அன்புள்ள கே,

உங்கள் கடிதம் வந்த வாரம் முழுக்க நான் ஆ-மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் யார் என்று பிறகு சொல்கிறேன்.

விளக்கு வேண்டாம். அது ஆசிமொழி சொல்லி ஏற்றும் வழிபாடு. தோழியின் வீட்டில் கூப்பிட்டால் மகளோடு போய் நின்று பாருங்கள். அந்தச் சுடர்களின் வெளிச்சத்தில் வேலை எதுவும் செய்யக் கூடாது, பார்க்க மட்டும்தான் என்பது அவர்கள் மரபு. சமைப்பதில் தயக்கமே வேண்டாம். கிட் எதுவும் வாங்காதீர்கள். ஹனுக்காவுக்குக் குழந்தைகள் சுற்றும் ட்ரைடல் பம்பரத்துக்கு ஒரு சதுர அட்டையும் நடுவில் செருக ஒரு தீக்குச்சியும் போதும். நூன், கிமெல், ஹே, ஷின் என்ற நான்கு ஹீப்ரு எழுத்துகளையும் மகளே எழுதட்டும். ‘பெரிய அற்புதம் அங்கே நடந்தது’ என்ற வாக்கியத்தின் முதலெழுத்துகள் அவை.

சரி, இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். அந்த உருண்டைகளை ஏன் தூக்கிப் போட்டீர்கள்? வெடித்தால் என்ன? ஏழு வயதுக் குழந்தை ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து உருட்டியதைக் குப்பையில் போட்டுவிட்டு, அதே கிண்ணத்தில் ஏதோ தொழிற்சாலையில் உருண்டதை ஊற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். அவள் எப்படிச் சாப்பிடுவாள்?

1990களில் சிங்கப்பூரில் அங் மோ கியோவில் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தேன். பக்கத்து வீட்டில் ஹொக்கியன் பேசும் ஒரு சீனப் பாட்டி. ஆ-மா என்றால் அவர்கள் மொழியில் பாட்டி, நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது இருபது முப்பது மலாய்ச் சொற்கள்தான். ஒரு டிசம்பரில் கையைப் பிடித்து இழுத்துப்போய் மேசையில் உட்கார வைத்தார். பேரப்பிள்ளைகள், மருமகள், நான், நடுவில் ஒரு பேசின் நிறைய மாவு. எனக்குத் தெரிந்தது கொழுக்கட்டை. கொதிநீர் கொண்டா என்று சைகை காட்டினேன். சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

அவர் செய்தது இதுதான். ஒட்டரிசி மாவில் வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்தார். அதில் எலுமிச்சை அளவு கிள்ளி, தட்டையாகத் தட்டிக் கொதிநீரில் போட்டார். அது வெந்து மேலே மிதந்ததும் எடுத்து, மீதிப் பச்சை மாவோடு சேர்த்து மறுபடி பிசைந்தார். அவ்வளவுதான், மாவு காது மடல் போல மெத்தென்று ஆகிவிட்டது. ஒட்டரிசி என்று பெயர் இருந்தாலும் கோதுமையில் இருக்கும் பசைப்புரதம் அதில் கிடையாது. வெந்த மாவுதான் பச்சை மாவைப் பிடித்து வைக்கிறது. உங்கள் உருண்டைகள் வெடித்தது இது இல்லாததால்தான், மகளின் கை சரியில்லாததால் அல்ல. இதை அவளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

லாட்கேயும் அதே கதைதான். துருவிய கிழங்கைத் துணியில் பிழிந்த தண்ணீரைக் கொட்டியிருப்பீர்கள். பத்து நிமிடம் அப்படியே வைத்திருந்தால் அடியில் வெள்ளையாக மாவு படிந்திருக்கும். மேல் தண்ணீரை மட்டும் இறுத்துவிட்டு அந்த மாவைக் கிழங்கிலேயே திரும்பச் சேர்க்க வேண்டும். முட்டையும் வெங்காயமும் அப்புறம்.

அன்றைக்கு ஆ-மா வீட்டில் எல்லாருடைய உருண்டையும் ஒரே மாதிரி கோலிக்குண்டு அளவில் இருந்தது. என்னுடையவை மட்டும் பெரிதாக, கோணலாக, இரண்டு விரிசலோடு. எடுத்து ஒளித்து வைக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. இஞ்சியும் பாண்டான் என்ற வாசனை இலையும் போட்ட சர்க்கரைப் பாகில் அவற்றையும் சேர்த்தே போட்டார். பரிமாறும்போது கரண்டியால் பாகைத் துழாவித் துழாவி என் கோணல் உருண்டைகளைத் தேடி எடுத்து என் கிண்ணத்தில் வைத்தார். ஒன்றை மட்டும் தன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, வாயில் வைத்து, ‘சேடாப்’ என்றார். மலாயில் சுவையாக இருக்கிறது என்று அர்த்தம். தோங்ஜிக்கு இதைச் சாப்பிட்டால் ஒரு வயது கூடும் என்பார்கள். வீட்டை விட்டு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. என்னுடையது என்று ஒருவர் தேடி எடுத்து வைத்தது அப்போதுதான்.

அடுத்த டிசம்பர் வரை காத்திருக்காதீர்கள். சீனப் புத்தாண்டின் 15ஆம் நாள் விளக்குத் திருவிழாவுக்கும் இதே மாதிரி உருண்டைகள்தான், 2026இல் அது மார்ச் 3. மாவு மீதி இருக்கும் அல்லவா? தோழிகள் இரண்டு பேரையும் கூப்பிடுங்கள். வெந்த மாவைச் சேர்க்கும் வேலையை மகளிடமே விடுங்கள், ஆறியதும் கொடுங்கள், சுடும்.