நாரதருக்கு வள்ளி சொல்லும் பதில்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். தோட்டத்தில் பிறந்து, ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட காலத்தில் குடும்பத்தோடு பட்டணத்துக் குடியிருப்பான தாமானுக்கு வந்தவள். எங்கள் ஊர் இளைஞர்கள் சிலர் அடுத்த மாதம் நகர மண்டபத்தில் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகத்தை மேடையேற்ற இருக்கிறார்கள். அறிவிப்பு வந்த நாளிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இல்லை. வள்ளி யார், வேடன் எந்தப் பாட்டை எடுத்துக்கொண்டு வருவான், யானை எப்படி வரும் என்று ஐம்பதைக் கடந்தவர்களும் பிள்ளைகளைப் போல நாள் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது அந்தக் குழுவிலேயே மனக்கசப்பு வந்துவிட்டது. நாடகம் இரண்டரை மணி நேரம்தானாம். கோமாளியாக வரும் பபூன் கிடையாதாம். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம் பத்து நிமிடமாகச் சுருக்கப்பட்டுவிட்டதாம். பின்னணி இசை முழுவதையும் முன்னதாகவே பதிவு செய்து, அந்த டிராக்குக்குத்தான் நடிகர்கள் பாடப்போகிறார்களாம். விடிய விடிய நடக்காதது வள்ளி திருமணமே இல்லை என்று பெரியவர்கள் கோபிக்கிறார்கள். இதையாவது செய்கிறார்களே என்று மற்றவர்கள் சமாதானம் சொல்கிறார்கள். என் அப்பா தோட்டத் திருவிழா நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். அவருடைய பெட்டி இன்னும் எங்கள் வீட்டு அலமாரியின்மேல் இருக்கிறது. அதை அந்த இளைஞர்களிடம் கொடுக்கலாமா, வாசலில் பூ வைத்துக் காட்சிப்பொருளாக்கி விடுவார்களா என்று தயக்கமாக இருக்கிறது. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

*

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது, அந்த வாட்ஸ்அப் குழுவில் நான் இல்லையே என்று முதலில் பொறாமையாகத்தான் இருந்தது. ஒரு நாடகத்துக்காக ஊர் இரண்டுபட்டுச் சண்டை போட்டுக்கொள்வதைப் பார்த்து எத்தனை காலமாயிற்று!

நேரக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். இதில் நான் இளைஞர்கள் பக்கம். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடத்துவது மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்துக் கோயில் திருவிழா வழக்கம். அறுவடை முடிந்த ஊர் மறுநாள் பகலெல்லாம் தூங்கலாம். தீம்பார் என்று நாம் சொல்லும் தோட்டத்தில் அது நடக்குமா? பால்மரமாகிய ரப்பர் காலைக் குளிர்ச்சியில்தான் நன்றாகப் பால் கொடுக்கும், வெயில் ஏற ஏற ஒழுக்கு நின்றுவிடும் என்பதால், இருட்டிலேயே ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, விடியும்போது கத்தியோடு மரத்தடியில் நின்றாக வேண்டும். மறுநாள் தோட்டத்துக்கு விடுமுறை என்றால் மட்டுமே நாடகம் மூன்று மணியைத் தாண்டியது. மற்ற நாள்களில் தோட்டத்து எழுத்தரான கிராணியின் வீட்டுக் கடிகாரம் பன்னிரண்டரை அடித்ததும் முருகன் வேடன் வேடத்திலிருந்து நேராக மாப்பிள்ளை ஆகிவிடுவார். முருகன் கிழவனாக, விருத்தனாக வந்து தேனும் தினைமாவும் கேட்டு விக்கிக்கொள்ளும் காட்சியைப் பார்க்காமலே நான் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குத் திரும்பிய ஆண்டுகள் உண்டு. ஆகவே நாடகத்தை வெட்டியவர்கள் இன்றைய இளைஞர்கள் என்று உங்கள் குழுவின் பெரியவர்கள் சொன்னால், முதலில் வெட்டியவர்கள் நம் தாத்தாக்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

பபூன் இல்லாததற்காகவும் நான் அழ மாட்டேன். அந்த இரண்டு மணி நேர நகைச்சுவையில் பாதி, பக்கத்தில் அக்காவையோ அம்மாவையோ வைத்துக்கொண்டு கேட்கக்கூடியதாக இருந்ததில்லை.

தர்க்கத்தையும் டிராக்கையும் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு வரிகள்தான் என்னை எழுந்து உட்கார வைத்தன. அவை தனித்தனிப் பிரச்சினைகள் அல்ல என்பது என் எண்ணம்.

மதுரை வட்டாரத்தில் ஸ்பெஷல் நாடகம் என்று சொல்வார்களே, அது எப்படி நடக்கிறது என்று இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். நாயகனாக நடிக்கும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் நாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும் தனித்தனியாக ஒப்பந்தமாகி வருவார்கள். ஆர்மோனியம், மிருதங்கம், பல கொட்டுகளைச் சேர்த்து வாசிக்கும் ஆல்ரவுண்டு, தாளம் என்று இசைக்காரர்களும் அப்படியே வந்து சேர்வார்கள். ஒத்திகை என்பதே கிடையாது. அன்று மாலைதான் ஒருவரை ஒருவர் பார்த்திருப்பார்கள். எல்லோருக்கும் கதை தெரியும், பாட்டுகள் தெரியும். ஆனால் எதிராளி எந்தப் பாட்டை எடுப்பார், எந்தக் கேள்வியைப் போடுவார் என்பது மேடையில் நிற்கும்போதுதான் தெரியும். புகழ்பெற்ற பாடக நடிகர்களான எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1926இல் கொழும்பில் முதன்முதலாகச் சேர்ந்து நின்றது இத்தகைய மேடையில்தான். அடுத்தவர் என்ன பாடினாலும் தாங்குவேன் என்ற தெம்போடு நின்றவர்கள் அவர்கள். மைக் இல்லாத காலத்தில் நாலு கட்டை, ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 27 வயதில், 1933இல், கிட்டப்பா மறைந்த பிறகு சுந்தராம்பாள் ஆண்களோடு ஜோடியாக நடிப்பதையே விட்டுவிட்டார்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 1948 ஜூனில் உங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டதும் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. பிறகு ஊரடங்கும் முள்வேலியும் வந்துவிட்ட இடத்தில் இரவு நாடகத்துக்கு ஏது வழி? 1960 ஜூலையில்தான் அவசரகாலம் முடிந்தது. மறு ஆண்டுத் திருவிழாவில் எங்கள் தோட்டத்தில் வள்ளி திருமணம் போட்டார்கள். எனக்கு ஒன்பது வயது. பல ஆண்டுகளுக்குப் பிறகு நடக்கும் நாடகம் என்பதால் பெரியவர்களும் இன்று நீங்கள் இருப்பது போலத்தான் இருந்தார்கள். பால் டிரம்களின்மேல் பலகை போட்ட பரண். வள்ளியாக நடித்தவர் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி, மீசையை அன்று காலையில்தான் எடுத்திருந்தார். காய்ந்த பால் படிந்து கறுத்துப்போன விரல்களால் கவணைப் பிடித்துக்கொண்டு ஆலோலம் பாடினார். பெரிதாகச் சொல்லும்படியான குரல் இல்லை.

தர்க்கம் தொடங்கியது. நாரதராக வந்தவர் பக்கத்துத் தோட்டத்துக்காரர், பேச்சில் கெட்டிக்காரர். பெண்ணாகப் பிறந்தவள் ஆணுக்கு எந்த விதத்தில் சமம் என்று கேட்டு வள்ளியை மடக்கிவிட்டுச் சபையைப் பார்த்துச் சிரித்தார். வள்ளிக்குப் பதில் வரவில்லை. பாடம் மறந்துவிட்டதோ என்று எல்லோரும் நினைத்தோம். ஆர்மோனியக்காரர் ஒரே ஒரு கட்டையை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, துருத்தியை மெதுவாக மெதுவாக அசைத்தபடி, தலையைத் தூக்கி வள்ளியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மிருதங்கம் நின்றுவிட்டது. அந்த ஒரு சுரம் மட்டும் மைதானத்தில் நீண்டுகொண்டே போனது.

பிறகு வள்ளி பேசினார். "சாமி, மூணு மணிக்கு எழுந்து சோறாக்கி, பிள்ளையை ஆயாக்கொட்டகையில விட்டுட்டு, உங்களுக்கு முன்னாலயே பிரட்டுக்கு வந்து நின்னவ நான். ஆம்பிளைக்கு அம்பது காசு, பொம்பிளைக்கு நாப்பது காசுன்னு செக்ரோல்ல எழுதினாங்களே, அந்தப் பத்துக் காசு வித்தியாசத்தைத் தவிர உங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்னு முனிவருதான் சொல்லணும்."

செக்ரோல் என்பது தோட்டத்துக் கூலிப் பதிவேடு. அவர் சொன்னது இரண்டாம் உலகப் போருக்கு முந்திய நாள்கூலிக் கணக்கு. அந்தக் கூலியை வாங்கிய பெண்கள் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஒரு கிழவி எழுந்து நின்று கைதட்டினாள். பிறகு பெண்கள் பக்கம் முழுவதும் எழுந்துவிட்டது. நாற்காலியில் இருந்த கிராணி சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த ஆரவாரம் அடங்கும்வரை காத்திருந்து, அதே சுரத்திலிருந்து ஆர்மோனியம் வள்ளியை விருத்தப் பாட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனது. அந்த விருத்தம் எனக்கு ஒரு சொல்கூட நினைவில்லை. அதற்கு முன் கேட்ட ஒற்றைச் சுரம் இன்றும் காதில் இருக்கிறது.

டிராக்கில் இதற்கு இடம் எங்கே என்று உங்கள் இளைஞர்களைக் கேளுங்கள். பதில் வராத வள்ளிக்காக அது காத்துக்கொண்டிருக்காது. குறிப்பிட்ட நொடியில் அடுத்த பாட்டு ஆரம்பித்தே தீரும் என்றால், நடிகர் அந்த நொடிக்குள் முடியும் பதிலைத்தான் வைத்திருப்பார், அதையும் வீட்டிலேயே மனப்பாடம் செய்திருப்பார். தர்க்கம் பத்து நிமிடமாகச் சுருங்கியதற்கு டிராக்தான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். சினிமாவுக்கு வேறு நியாயம். 1945இல் வந்த 'ஸ்ரீவள்ளி' படத்தில் ருக்மிணி நடித்த வள்ளிக்குப் பி.ஏ. பெரியநாயகியின் குரலை வைத்தார்கள், படமும் நன்றாக ஓடியது. திரையில் இருப்பவள் யாருக்கும் புதிதாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. மேடை அப்படியில்லையே.

இந்த இடத்தில் உங்கள் குழுவில் யாராவது விவரம் தெரிந்தவர் என்னை மடக்கலாம். சங்கரதாஸ் சுவாமிகளே இத்தகைய மனம்போன போக்கை விரும்பியவர் அல்லர் என்பார். உண்மைதான். வளர்ந்த நடிகர்கள் பாடத்துக்குக் கட்டுப்படாமல் தம் இஷ்டத்துக்குப் பாடிப் பேசிக்கொண்டிருந்ததும் அவர் சிறுவர்களை வைத்து நாடகக் குழு அமைத்ததற்கு ஒரு காரணம். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் பின்னாளில் நாடக உலகில் பேர்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். 1922இல் சுவாமிகள் மறைந்தார். பால சபைகளும் காலப்போக்கில் மறைந்துபோயின. அவருடைய வள்ளியை இன்றுவரை கிராமத்து மேடைகளில் நிறுத்தி வைத்திருப்பவர்கள், அவர் எவர்களைக் கட்டுப்பாடற்றவர்கள் என்று ஒதுக்கினாரோ அவர்களின் வழிவந்தவர்கள். சுவாமிகளுக்கு இதில் வருத்தம் இருந்திருக்கலாம். எனக்கு இல்லை.

யானையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். எப்படி வரும் என்பதைவிட, வந்த பிறகு வள்ளி என்ன செய்வாள் என்பதில்தான் எனக்கு ஆவல். நாரதரை வாயால் வென்றவள், வேடனை விரட்டியவள், கிழவனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அவன் பேச்சை ஏற்க மறுத்தவள், கடைசியில் ஓர் யானையைக் கண்டு பயந்து அந்தக் கிழவனையே கட்டிக்கொள்கிறாள். இரவு முழுவதும் சொல்லால் தோற்கடிக்க முடியாத பெண்ணைப் பயமுறுத்தித்தான் சம்மதிக்க வைக்க முடிந்தது என்ற உறுத்தல் எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. உங்கள் மாணவிகள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். புராணத்தை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முருகன் தன் உருவத்தைக் காட்டிய பிறகு வள்ளி உடனே மாலையை எடுத்துவிடாமல், அவரிடமும் ஒரு தர்க்கம் செய்தால் என்ன? பபூனை எடுத்ததில் மிச்சமான நேரம் இருக்கிறதே.

இனி ஆர்மோனியம். தாராளமாகக் கொடுங்கள், ஆனால் ஒரு நிபந்தனையோடு கொடுங்கள்: அது மேடையின் ஓரத்தில் ஒரு மனிதரின் கையில் இருக்க வேண்டும். நாடகம் முழுவதற்கும் வேண்டாம், இளைஞர்களின் சிரமம் எனக்குப் புரிகிறது. இரண்டரை மணி நேரமும் நேரடியாக வாசிக்கக்கூடிய ஆளை ஈப்போவரை தேடினாலும் இன்று கிடைப்பது அரிது, பாட்டுகளுக்கு டிராக்கே இருந்துவிட்டுப் போகட்டும். வேடன் 'காயாத கானகத்தே' என்று எடுக்கும்போது ஐம்பது வயலின்கள் கேட்டாலும் நான் பொறுத்துக்கொள்வேன். தர்க்கத்துக்கு மட்டும் டிராக்கை நிறுத்திவிட்டு, நாரதரையும் வள்ளியையும் ஆர்மோனியத்தோடு இருபது நிமிடம் தனியே விடட்டும். நாரதர் என்ன கேட்கப்போகிறார் என்று வள்ளிக்கு முன்கூட்டியே சொல்லக் கூடாது. தடுமாறினால் தடுமாறட்டும், சபை பொறுமையாக இருக்கும். உங்கள் குழுவில் இருக்கும் கோபக்காரப் பெரியவர்கள் பத்துப் பேரை ஒத்திகைக்கு வரவழைத்து, ஆளுக்கொரு கேள்வியாக அந்தப் பெண்ணிடம் கேட்கச் சொல்லுங்கள். கோபம் நல்ல வேலைக்கும் பயன்படும்.

பெட்டியை எடுப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இத்தனை ஆண்டு ஈரக்காற்றில் இருந்ததை வெயிலில் காயவைத்துவிடாதீர்கள், பலகை வெடித்துவிடும். நிழலில், மின்விசிறிக்கு எட்டத்தில் இரண்டு நாள் வைத்துவிட்டு, துருத்தியை இழுத்துப் பார்த்தால் காற்று எங்கே கசிகிறது என்று கன்னத்தை வைத்தாலே தெரியும். மடிப்பில் சைக்கிள் டியூப் ஒட்டியிருந்தால் உங்கள் அப்பா ஒட்டியதாக இருக்கும், அதைப் பிய்க்க வேண்டாம். பிறகு இடமிருந்து வலமாக ஒவ்வொரு கட்டையாக அழுத்தி, எவை ஊமையாகிவிட்டன என்று ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்புங்கள். பித்தளை ரீடில் களிம்பு ஏறியிருந்தால் சுத்தம் செய்துவிடலாம். ரீடு உடைந்திருந்தால் மட்டும் ஆள் பார்க்க வேண்டும். வள்ளியாக நடிக்கும் பெண்ணின் சுருதி எத்தனை கட்டை என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். அந்தக் கட்டை ஒலித்தால் போதும், மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்.