கிரவல் வீதி, காட்டுத் தடம், கறுத்த மண்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கட வீட்டிலயிருந்து பிரதான வீதிக்கு வர 6 கிலோமீற்றர் கிரவல். ‘கரடுமுரடான பாதையில் ஓடினால் சேர்விஸை முந்திச் செய்யவும்’ என்று வான் புத்தகம் சொல்லுது. ‘ஓஃப் ரோட் பாவனைக்கு இழப்பீடு இல்லை’ என்று காப்புறுதிப் பத்திரம் சொல்லுது. அப்ப நான் தினமும் ஓஃப் ரோட்தானோ ஓடுறன்?
(வாசகர், மல்லாவி)

பதில்: இல்லை. தார் இல்லாதது வேறு, வீதியே இல்லாதது வேறு. ஒரு நாள் இறங்கி நின்று உங்கள் பாதையைப் பாருங்கள். நடு உயர்ந்து இரண்டு பக்கமும் சரிகிறதா? ஓரத்தில் வடிகானும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் மதகும் இருக்கிறதா? இருந்தால் அது சில்லு ஓடுவதற்கென்றே போட்ட வீதி. குழி விழுந்திருக்கலாம், தகரம்போல அலையடித்திருக்கலாம், ஆனாலும் வீதிதான். விறகுக்குப் போன உழவு மெசின் காட்டுக்குள் விட்ட தடம், வற்றிய குளத்தின் உட்பக்கம், வெட்டு மெசின் இறங்குவதற்காக வரம்பைத் தறித்த இடம், கடற்கரை மணல், இவையெல்லாம் ஓஃப் ரோட். குளக்கட்டுத்தான் சிக்கல். தளம் உறுதியாக இருக்கும், ஆனால் பல கட்டுகள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பராமரிப்புக்கு உரியவை, பொதுவீதி அல்ல.

உங்களிடம் இருக்கும் இரண்டு கடதாசிகளுக்கும் கவலை வேறு வேறு. வான் புத்தகத்தின் கவலை புழுதி. 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை என்ஜின் ஒயில் என்று போட்டிருந்தால் நீங்கள் 5,000இல் மாற்றுங்கள். எயார் ஃபில்டரைக் கழற்றி ஊதும்போது காற்று உள்பக்கத்திலிருந்து வெளியே வர வேண்டும். வெளியிலிருந்து ஊதினால் புழுதி தாளுக்குள்ளேயே இறுகிவிடும். ஃபில்டரைத் தாண்டி என்ஜினுக்குப் போகும் குழாயின் உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள். செம்மண் ஒட்டினால் கிளிப் தளர்ந்திருக்கிறது, அல்லது குழாய் வெடித்திருக்கிறது. அதை விட்டுவிட்டுப் புது ஃபில்டர் வாங்கிப் பயனில்லை, பிஸ்டன் ரிங் தேய்ந்துகொண்டே போகும்.

காப்புறுதிக்காரரிடம் வீதியின் பெயரைக் குறிப்பிட்டு, ‘பிரதேச சபையின் இந்தக் கிரவல் வீதியில் விபத்து நடந்தால் இழப்பீடு உண்டா?’ என்று எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். தொலைபேசியில் ‘பிரச்சினை இல்லை அண்ணை’ என்று சொன்னது பிறகு செல்லாது.

கேள்வி: மழைக்குப் பிறகு கறுத்த மண் பாதையில் ஃபோர் வீல் போட்டும் கப் வாகனம் தாண்டு போகுது. ரயர் பிழையா?
(வாசகர், முருங்கன்)

பதில்: மண் அப்படி. கோடையில் விரல் போகிற அளவுக்கு வெடிக்கிற அந்தக் களி, நனைந்தால் ஊதிப் பசையாகிவிடும். சில்லு நாலைந்து சுற்றுச் சுற்றுவதற்குள் ரயரின் வெட்டெல்லாம் அடைத்து மொட்டை ரயர் ஆகிவிடும். ஒரு சில்லு வழுக்குகிற இடத்தில் மற்றதாவது பிடித்தால்தான் ஃபோர் வீலால் பயன். நாலும் வழுக்கினால் எஞ்சுவது டீசல் செலவுதான்.

போகலாமா என்று பார்க்க ஒரு வழி: ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். பென்சில் தடிப்பில் அறாமல் கயிறாக நீண்டால் அன்றைக்குப் போக வேண்டாம், வெயில் கண்டபிறகு போங்கள். உதிர்ந்தால் போகலாம். செம்மண் பெரும்பாலும் உதிரும்.

தாண்டுவிட்டால் முதல் வேலை அக்சிலேற்றரிலிருந்து காலை எடுப்பது. சுழல்கிற ஒவ்வொரு சுற்றும் குழியை ஆழமாக்கும், அக்சில் மண்ணில் குந்திவிட்டால் சில்லு அந்தரத்தில்தான் சுற்றும். சில்லுக்கு முன்னும் பின்னும் சரிவாக வெட்டிப் பனை மட்டையை அடியில் திணியுங்கள். ரயர்க் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்து, வந்த தடத்திலேயே பின்னுக்கு எடுங்கள், அது ஏற்கெனவே அமுங்கிய மண். தார் ஏற முதல் காற்றைத் திரும்ப அடியுங்கள். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் ரயர் சூடேறி வெடிக்கும். உழவு மெசினால் இழுப்பதென்றால் செசியில் உள்ள கொளுக்கியில் கட்டுங்கள். பம்பரிலோ ஸ்ரியறிங் தண்டிலோ கட்டாதீர்கள். கயிறு அறுந்தால் சவுக்குப்போல வரும், வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளைத் தூர அனுப்புங்கள்.

கேள்வி: கிரவலில் 4எச் (நாலு சில்லும் இழுக்கும் ஃபோர் வீல் நிலை) போட்டதை மறந்து ஏ9 வீதியில் வவுனியா வரை ஓடிவிட்டேன். வளைவில் வண்டி இறுகி இழுத்தது. உடைந்திருக்குமா?
(வாசகர், மாங்குளம்)

பதில்: நடுவில் டிபரன்சியல் (சில்லுகளை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர்ப் பெட்டி) இல்லாத வண்டியில் 4எச் போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றும். வளைவிலோ முன்சில்லுகள் கூடுதல் தூரம் ஓட வேண்டும். கிரவலில் சில்லு கொஞ்சம் சறுக்கி அதைச் சரிக்கட்டும். காய்ந்த தாரில் சறுக்க வழியில்லை, அந்த முறுக்கு கியருக்குள் ஏறும். 2எச்சுக்கு (இரண்டு சில்லு மட்டும் இழுக்கும் நிலைக்கு) வர மறுத்தால் நேராக ஒரு 10 மீற்றர் பின்னுக்கு எடுங்கள், விட்டுவிடும். அதன் பிறகு சத்தமோ ஒயில் கசிவோ இல்லையென்றால் கவலை வேண்டாம்.

கேள்வி: மாரியில் சப்பாத்துப் பாலத்தை மேவித் தண்ணீர் ஓடும்போது எவ்வளவு ஆழம்வரை இறங்கலாம்?
(வாசகர், முல்லைத்தீவு)

பதில்: ஓடுகிற தண்ணீர் என்றால் ஆழத்தைவிட இழுவைதான் ஆபத்து. ஓர் அடித் தண்ணீரே சிறிய காரை மிதக்கவைக்கும், இரண்டடி பெரும்பாலான வாகனங்களை அள்ளிக்கொண்டு போகும். பாலத்தின் விளிம்பு தெரியவில்லையா, இறங்காதீர்கள். தேங்கி நிற்கிற தண்ணீரில் என்ஜின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்ராட் பண்ண வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கொனெக்ரிங் றொட் வளையும்.

தண்ணீரால் வந்த பிறகு பிரேக்கை மெல்ல அமுக்கி அமுக்கிக் காயவையுங்கள். சூடான டிபரன்சியல் பெட்டி திடீரெனக் குளிரும்போது உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஓரிரவு நிற்கவிட்டு, காலையில் அடியில் உள்ள நட்டைச் சற்றே தளர்த்துங்கள். முதலில் வெறும் தண்ணீர் சொட்டினால், அல்லது ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால், முழுவதையும் மாற்ற வேண்டும்.

கேள்வி: காட்டுப் பாதையில் பெரிய பள்ளம் வந்தால் பக்கத்துப் பற்றைக்குள்ளால் விலத்திப் போகலாமா?
(வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: வேண்டாம். மற்ற ஊர்களில் இதைக் கேட்டால் முள்ளையும் கட்டையையும் பற்றிச் சொல்வோம். வன்னியில் மிதிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ நாடாவோ தெரிந்தால் தடத்தைவிட்டு ஓரடிகூட விலகாதீர்கள். பலகை இல்லாததை வைத்து இடம் சுத்தம் என்று நினைக்கவும் வேண்டாம், பலகை விழுந்திருக்கலாம், மாரி வெள்ளம் மண்ணை அரித்திருக்கலாம். பள்ளத்தை நிரப்பிக் கடவுங்கள், அல்லது திரும்புங்கள். திருப்ப இடமில்லையென்றால் அகலமான இடம் வரும்வரை பின்னாலேயே எடுங்கள், ஒருவர் சில்லுத் தடத்தில் நடந்து வழி காட்டட்டும். சந்தேகமான பொருள் ஏதும் கண்டால் தொடாமல், கல் எறியாமல், வந்த தடத்திலேயே திரும்பி 119க்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள்.