பாதியில் கரண்ட் போன படம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் சினிமா தெரிந்தவன் இல்லை. ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். டிவியில் போட்டால் பார்ப்பேன், அவ்வளவுதான். போன மாதம் நண்பர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வேனில் போகும்போது, ஆளுக்கு மூன்று பிடித்த படம் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். நான் உள்ளத்தை அள்ளித்தா, மைக்கேல் மதன காமராஜன், அன்பே சிவம் என்றேன். முதல் இரண்டுக்கும் ஒரே சிரிப்பு. "டூரிஸ்ட் பஸ்ஸில் போடுற படத்தை எல்லாம் சொல்றான் பாரு" என்றார் ஒருவர். அடுத்த சுற்று அண்டர்ரேட்டட் படம். அதில் முக்கால்வாசிப் பேர் அன்பே சிவத்தையே சொன்னார்கள். எல்லோரும் சொல்கிற படம் எப்படி அண்டர்ரேட்டட் ஆகும் என்று கேட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை. நீங்கள் எதையெல்லாம் அப்படிச் சொல்வீர்கள்?

இன்னொன்று. சின்ன வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தூர்தர்ஷனில் பார்த்த படம். கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது. பாதி கட்டிய ஒரு வீட்டுக்குள் ஒரு வயதான தாத்தா தனியாகப் போய்ச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. அப்போது எங்கள் அப்பாவும் வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவர் அதற்கு முன்பே, படத்தின் நடுவிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். அது என்ன படம்?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

வேனில் நீங்கள் கேட்டது சரியான கேள்வி. பதில் வராததில் ஆச்சரியம் இல்லை. அண்டர்ரேட்டட் என்ற சொல்லுக்கு நம்மிடம் வசதியான தமிழ்ச் சொல்லே இல்லை. 'குறைத்து மதிப்பிடப்பட்ட' என்று எழுதினால் சொத்துப் பத்திரம் போல இருக்கிறது. அதனால் ஓடாத படம், பேசப்படாத படம், எனக்கு மட்டும் பிடித்த படம் என்று மூன்றையும் அந்த ஒரே சொல்லில் போட்டுவிடுகிறோம்.

அன்பே சிவம் ஓடாத படம். 2003 பொங்கலுக்கு வந்தது. அதே பொங்கலுக்கு வந்த தூள் வசூலை அள்ளிக்கொண்டு போனது. அதற்கப்புறம் இருபது வருடமாக எந்தப் பண்டிகை வந்தாலும் ஏதாவது ஒரு சேனலில் அன்பே சிவம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் வசனங்களைச் சொல்லாத மேடைப் பேச்சாளர் குறைவு. தியேட்டரில் போன மரியாதை வட்டியோடு திரும்பி வந்தாயிற்று. இன்னமும் அதைப் பாவப்பட்ட படமாகப் பேசுவது ஒரு பழக்கம்தான்.

ஆனால் அந்தப் படத்திலேயே சரியாக மதிப்பிடப்படாத ஒருவர் இருக்கிறார். அதை இயக்கியவர் சுந்தர் சி. எழுதியது கமல், அதனால் எல்லாம் கமல் என்று முடித்துவிடுகிறோம். உங்கள் பட்டியலில் சிரிப்பு வாங்கிய உள்ளத்தை அள்ளித்தாவும் அவருடையதுதான். வேனில் இருந்த எத்தனை பேருக்கு அது ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை.

நீங்கள் வெட்கப்பட வேண்டியதே இல்லை என்பேன். உள்ளத்தை அள்ளித்தா 1996-ல் வந்து நன்றாகவே ஓடியது. பழைய சபாஷ் மீனாவின் சாயல் உண்டு, அதுவும் இருக்கட்டும். மணிவண்ணனுக்கு இரண்டு வேடம். ஒருவர் பணக்கார அப்பா. இன்னொருவர் அதே முகத்தோடு வந்து, அப்பாவைக் கடத்திவிட்டு அவர் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் போக்கிரி. அடுத்த முறை டிவியில் வரும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். இவர் எந்த மணிவண்ணன் என்ற குழப்பம் படத்தில் இருப்பவர்களுக்கு வருகிறது, நமக்கு வருவதில்லை. நமக்கும் வந்துவிட்டால் ஒரு சிரிப்புகூட விழாது. யாருக்கு என்ன தெரியும், யாருக்குத் தெரியாது என்ற கணக்கைக் காட்சிக்குக் காட்சி தப்பாமல் கொண்டுபோக வேண்டும். நீங்கள் கணக்கு எழுதுகிறவர். ஒரு பதிவு தவறினால் கடைசிப் பக்கத்தில் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மைக்கேல் மதன காமராஜனில் கிரேசி மோகன் அதே கணக்கை நான்கு கமலுக்கு எழுதினார். சாம்பாரில் மீன் விழுந்ததை எல்லோரும் சொல்லிச் சிரிக்கிறோம். அங்கே நடந்திருக்கும் வேலையைப் பற்றிப் பேசச் சொன்னால் 'டைம்பாஸ்' என்று முடித்துக்கொள்கிறோம். வசூல் ஆகியும் மதிப்பெண் கிடைக்காமல் போனது நம் ஊரில் நகைச்சுவைக்குத்தான். எனக்கு அண்டர்ரேட்டட் என்றால் முதலில் இதுதான்.

சரி, என் படங்களைக் கேட்டீர்கள்.

மௌனகுரு. 2011 டிசம்பரில் வந்தது. சாந்தகுமாருக்கு முதல் படம். அருள்நிதி அதிகம் பேசாத கல்லூரி மாணவன். தாங்கள் அடித்த பணத்தை மறைக்கப் பார்க்கும் சில போலீஸ்காரர்கள், சம்பந்தமே இல்லாத அவனைப் பைத்தியம் என்று முத்திரை குத்தி மனநல மருத்துவமனைக்குள் தள்ளிவிடுகிறார்கள். கதை இவ்வளவுதான். ஆனால் நான் அந்தப் படத்தை மறுபடி மறுபடி பார்ப்பது உமா ரியாஸ் கானுக்காக. விசாரணை அதிகாரி பழனியம்மாள், நிறைமாத கர்ப்பிணி. தமிழ் சினிமாவில் நேர்மையான போலீஸ் என்றால் ஜீப்பிலிருந்து குதிக்க வேண்டும், காலரைத் தூக்கிவிட வேண்டும். இந்த அம்மாள் எதுவும் செய்வதில்லை. மெதுவாக நடக்கிறார், கேள்வி கேட்கிறார், சொன்ன பதிலில் ஓட்டை இருந்தால் மறுபடி கேட்கிறார். அந்த வயிறு நம்மிடம் பரிதாபம் வாங்குவதற்காக வைக்கப்பட்டதாக எனக்குத் தோன்றவே இல்லை. மாசமாக இருந்துகொண்டே வேலைக்குப் போகும் எத்தனையோ பெண்களைப் போல இவரும் வேலைக்கு வந்திருக்கிறார். இந்தியில் அகிரா என்று 2016-ல் எடுத்தார்கள், அந்த வேடத்தைக் கொங்கொணா சென் சர்மா செய்தார். சாந்தகுமாரின் அடுத்த படம் மகாமுனி 2019-ல்தான் வந்தது. இடையில் எட்டு வருடம். இப்படி ஒரு முதல் படம் எடுத்த ஆளுக்கு இந்த எட்டு வருடம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆண்டவன் கட்டளையை அதிகம் சொல்ல மாட்டேன், பார்த்திருப்பீர்கள். விசாவுக்காக இல்லாத மனைவிக்குக் கார்மேகக் குழலி என்று ஒரு பெயரை எழுதிவிட்டு, அப்புறம் அந்தப் பெயரை நீக்க முடியாமல் ஒருவன் அலைவான். ஏதாவது ஒரு அட்டையில் இனிஷியல் தப்பாக விழுந்து அலைந்த எவருக்கும் அது சொந்தக் கதை.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டும் கொஞ்சம் இடம் வேண்டும், ஏனென்றால் அதைப் பார்க்க நான் பட்ட பாடு ஒரு தனிப் படம். 2018 ஆகஸ்டில் வந்தது. லெனின் பாரதி இயக்கம். முதல் வாரமே ஒரு திங்கட்கிழமை மாலைக் காட்சிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையன், "இன்னும் ஆறு பேர் வந்தா போடுவோம் சார், வெயிட் பண்ணுங்க" என்றான். என்னோடு சேர்த்து நான்கு பேர் அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். அதில் ஒரு பெரியவர் போடிப் பக்கம். "எங்க ஊரு மலைங்க, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். ஏழு மணி வரைக்கும் ஒரே ஒருவர் வந்தார். அவர் கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டுப் பக்கத்து ஸ்கிரீனுக்குப் போய்விட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆன்லைனில் எடுத்ததற்கான கூடுதல் கட்டணம் மட்டும் திரும்பவில்லை, அது எப்போதும் திரும்பாது. அந்தப் பெரியவர் என்னிடம் முழுக் கதையையும் கேட்டார், நான் பார்க்காத படத்தின் கதையை. பத்து நாள் கழித்து வேறொரு ஊரில் போய்ப் பார்த்தேன்.

ரங்கசாமிக்கு மலையடிவாரத்தில் ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும், ஆசை அவ்வளவுதான். சேர்த்த பணம் ஏலக்காய் மூட்டையாகி, அந்த மூட்டை கைநழுவிப் பள்ளத்தில் உருண்டு சிதறுகிறது. வில்லன் இல்லை, சதி இல்லை. ஒரு மூட்டை உருள்கிறது, ஒரு மனிதனின் பல வருடங்கள் அதோடு போகின்றன. நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இரண்டு வரிசை தள்ளி ஒருவர் "அய்யய்யோ" என்று வாய்விட்டுச் சொன்னார். எனக்குத் தெரிந்து அந்தப் படத்துக்கு அதைவிடச் சிறந்த விமர்சனம் வரவில்லை.

இப்போது உங்கள் கரண்ட் போன படத்துக்கு வருகிறேன். அதன் பெயர் வீடு. பாலு மகேந்திரா இயக்கியது, 1988-ல் வந்தது. அந்த நாட்களில் ஞாயிறு மதியம் தேசிய ஒளிபரப்பில் ஏதாவது ஒரு மாநில மொழிப் படத்தை ஆங்கில எழுத்தோடு போடுவார்கள். நாமும் புரியாத மொழியாக இருந்தாலும் டிவியை அணைக்காமல் உட்கார்ந்திருப்போம். அப்படி ஒருநாள் தமிழ் முறை வந்து உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது.

அர்ச்சனாவுக்கு அதில் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது, படத்துக்கும் சிறந்த தமிழ்ப் படம் என்று கிடைத்தது. அப்படியானால் அது எப்படி அண்டர்ரேட்டட் என்று வேனில் கேட்டது போலவே என்னையும் கேட்பீர்கள். விருதுதான் காரணம். 'விருதுப் படம்' என்று சொல்லி உயரமான அலமாரியில் தூக்கி வைத்துவிட்டோம், யாருக்கும் கை எட்டவில்லை. மெதுவாகப் போகும், அழ வைக்கும் என்று பார்க்காதவர்களே சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது ஒரு திகில் படம். வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுகிறார்கள். வேலைக்குப் போகும் ஒரு பெண், தங்கை, தாத்தா. சொந்தமாகக் கட்டிவிடலாம் என்று யாரோ சொல்ல, ஆரம்பிக்கிறார்கள். அங்கிருந்து ஒவ்வொரு காட்சிக்கும் வயிற்றைப் பிசையும். கடன் வர வேண்டும், அனுமதி வர வேண்டும், மழை வரக்கூடாது. காண்ட்ராக்டர் சிமெண்ட்டில் கை வைக்கிறார். அதை அந்தப் பெண்ணுக்குச் சொல்வது கட்டட வேலை செய்யும் மங்கம்மா, பசி சத்யா நடித்தது. பாட்டுக் கிடையாது. பின்னணிக்கு இளையராஜா தனியாக வெளியிட்டிருந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பின் இசையையே எடுத்து வைத்தார்கள். படத்துக்காகப் போட்டதல்ல என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அந்தத் தாத்தா சொக்கலிங்க பாகவதர். நீங்கள் முப்பது வருடத்துக்கு மேலாக ஞாபகம் வைத்திருக்கும் காட்சியில் அவர் ஒரு வசனம் பேசி எனக்கு நினைவில்லை. இன்னும் பூசாத சுவர்கள், கதவு இல்லாத வாசல்கள். வீட்டில் யாரும் கூட்டிக்கொண்டு போகாமல் அவராகவே கிளம்பி வந்திருக்கிறார். சுவரைத் தொடுகிறார். குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பது போன்ற தொடுதல். படத்தின் பெயர் தெரியாது, இயக்குநர் தெரியாது, நடிகர் தெரியாது, ஆனால் அந்தக் கை மட்டும் உங்களிடம் தங்கிவிட்டது. தேசிய விருதுக் குழுவின் சான்றிதழை விட எனக்கு உங்கள் கடிதம் பெரிது. சினிமா தெரியாதவன் என்று இனிமேல் எழுதாதீர்கள்.

அம்மா வீடு கட்டியபோது பட்ட பாட்டின் நினைவிலிருந்து இந்தப் படம் வந்தது என்று பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். மட்டக்களப்பில் பார்த்த வீட்டை அவர் சென்னையில் கட்டினார். கடைசிக் காலத்தில் வீடு, சந்தியா ராகம் இரண்டின் நெகட்டிவும் இல்லாமல் போனதைச் சொல்லி வருத்தப்பட்டார். இப்போது இணையத்தில் கிடைக்கும் பிரதி மங்கலாக இருக்கும், ஓரங்கள் வெட்டுப்பட்டிருக்கும். அப்படியும் பாருங்கள். மிச்சம் அதிகம் இல்லை. அந்தத் தாத்தா திரும்பிப் போக பஸ் பிடிக்க வேண்டும், அதற்கப்புறம் என்ன ஆகிறது என்பதுதான் நீங்கள் பார்க்காமல் விட்டது. நான் சொல்லமாட்டேன்.

அப்பா இருக்கிறார் என்றால் அவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவர் எழுந்து போனது படம் பிடிக்காமல் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருப்பீர்கள். எனக்கு வேறு சந்தேகம் இருக்கிறது. சிமெண்ட் விவகாரம் வரும் இடத்தில் திரையைப் பார்க்காதீர்கள், அவர் முகத்தைப் பாருங்கள். அவர் அப்போது ஏதாவது சொன்னால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.