வரையவே தெரியாதவர் கிறிஸ்துமஸ் காட்சியை எப்படி வரையத் தொடங்குவது?

'முதல் முறை வரைபவருக்குப் புரிகிற மாதிரி, எளிமையாக' என்று கேள்வியில் போட்டிருக்கிறீர்கள். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது. ராத்திரி எட்டரைக்கு வாட்ஸப்பில் 'நாளை சார்ட்டில் கிறிஸ்துமஸ் படம் கொண்டுவரவும்' என்று செய்தி வந்திருக்கிறது. பிள்ளை தூங்கிவிட்டது, சார்ட்டோடு நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். எனக்கு வருடா வருடம் அப்படித்தான்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் ஓவியம் படித்தவள் இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் போகிற வழியில் ஒரு கிராமத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கிறிஸ்தவளும் இல்லை. 'உனக்கென்ன தெரியும்' என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். கந்திகுப்பம், எலத்தகிரி பக்கமெல்லாம் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய. எங்கள் தெருவிலும் டிசம்பர் பிறந்தால் பாதி வீட்டில் ஸ்டார் தொங்கும். குடில் (இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளோடு காட்டுகிற கொட்டகை) ஜோடிக்க ஆள் கூப்பிடும்போது யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

அப்படித்தான் ஒரு வருடம் என்னைக் கூப்பிட்டார்கள். கோயில் வாசலில் (எங்கள் ஊரில் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வார்கள்) கொட்டகை போட்டுக் குடில் வைப்பார்கள். அதற்குப் பின்னால் கட்ட எட்டுக்கு ஆறடியில் ஒரு திரை வேண்டும். பர்கூரில் காடாத்துணி எடுத்துவந்து மூட்டித் தைத்துக் கொடுத்தேன். கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுத்து மணியடிக்கிற உபதேசியார் தாத்தா அதைக் கையில் வாங்கவே இல்லை.

"தெச்சதுதான் தெச்ச, அப்படியே வரைஞ்சும் குடுத்துடும்மா. ஜாக்கெட்டுல மயிலு போடறவளுக்கு ஒரு ஆட்டுக்குட்டி வராதா? ராத்திரி, மலை, நட்சத்திரம், கொஞ்சம் பனி. அவ்ளோதான்."

அந்தப் பனியில்தான் வழுக்கினேன். தாத்தா சொன்னது, விடியற்காலையில் அவர் மப்ளர் சுற்றிக்கொண்டு மணியடிக்கப் போகும்போது ராகிக் கொல்லை மேல் படுத்திருக்குமே, அந்தப் பனி. என் கண் முன்னால் வந்ததோ வாழ்த்து அட்டைப் பனி. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல், நான் என்ன செய்வேன்? முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாகக் கொட்டினேன். ஊசிமரம் பத்து வைத்தேன். இடம் மிச்சமிருந்ததால் ஒரு பனிமனிதனையும் வைத்து, கேரட் மூக்கு ஒட்டி, கழுத்தில் சிவப்புத் துண்டும் கட்டிவிட்டேன். மூன்று ராத்திரி கண்விழித்து வரைந்தது.

தாத்தா வந்து ரொம்ப நேரம் பார்த்தார். "ஏம்மா, மாதாவுக்குப் பக்கத்துல யாரு இந்தக் குண்டு ஆளு?"

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கடையில் விற்கிற பவுடர் கலரை வெறும் தண்ணீரில் கரைத்து அடித்திருந்தேன். பசை சேர்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. 22ஆம் தேதி சாயங்காலம் கட்டினார்கள். ராத்திரி நிஜப் பனி இறங்கியது. காலையில் போய்ப் பார்த்தால் என் பனியெல்லாம் கோடு கோடாக வடிந்து மலையின் பச்சையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தரைக்கு வந்திருந்தது. பனிமனிதனின் மூக்கு அவன் தொப்புளில் இருந்தது. பிள்ளைகள் ஊரையே கூட்டிக்கொண்டு வந்து காட்டின.

திருநாளுக்கு ஒரு நாள்தான் இருந்தது. எதிர்வீட்டு அக்கா ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய்த் தன்னுடைய கருநீலச் சமிக்கிப் புடவையைக் கொண்டுவந்து என் ஓவியத்தின் மேலேயே குண்டூசியால் குத்திவிட்டார். குடிலுக்குள் வைக்கோலுக்குப் பின்னால் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு. இருட்டியதும் பல்பைப் போட்டால், நீலம் அப்படியே ராத்திரியாகிவிட்டது. சமிக்கி மினுக்கு மினுக்கென்று நட்சத்திரம். முன்னால் தட்டில் முளைக்கவைத்த ராகிப் பயிர் பச்சைப் புல். ஊரில் இன்றைக்கும் அந்தப் புடவையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என் மூன்று ராத்திரியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, பனிமனிதனைத் தவிர.

எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைக்கவில்லை. ஆனால் படம் போட வேண்டிய வழி அந்தப் புடவைதான் என்று நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே புரிந்தது. பொருளை அடுக்காதீர்கள். இருட்டையும் ஒரே ஒரு விளக்கையும் முதலில் முடிவு செய்யுங்கள்.

கடை திறந்திருந்தால் கருநீலம் அல்லது கறுப்புச் சார்ட் வாங்குங்கள், பாதி வேலை கடைக்காரரே முடித்துவிடுவார். அதில் ஸ்கெட்ச் பேனா தெரியாது, ஆயில் பேஸ்டல் (எண்ணெய்ப் பசையுள்ள கலர்க்குச்சி) நன்றாகத் தெரியும். பென்சிலுக்குப் பதில் தையல் சாக்பீஸால் லேசாகக் குறித்துக்கொண்டால், தப்பாகப் போனதைத் தட்டிவிடலாம். வெள்ளைச் சார்ட்தான் இருக்கிறது என்றால், கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் இரண்டு மூன்று பாறைக் குன்று. மலை எப்படி வரைவது என்று யோசிக்க வேண்டாம், கிருஷ்ணகிரிக் கோட்டை மலையைப் பேருந்து நிலையத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறதோ அப்படி ஒரு மொட்டை மேடு போதும்.

நடுவில் இல்லாமல் கொஞ்சம் ஓரமாக இரண்டு கம்பம், மேலே கூரை. கூரைக்குக் கீழே பத்து ரூபாய் காசு அளவுக்கு ஒரு வட்டம் விட்டு, அதை வெள்ளையாகவே வைத்திருங்கள் (இருட்டுச் சார்ட்டென்றால் வெள்ளைப் பேஸ்டலால் நிரப்புங்கள்). பிள்ளை படுத்திருக்கிற இடம் அதுதான். அதைச் சுற்றி மஞ்சள், அதற்கு வெளியே ஆரஞ்சு, அப்புறம் பழுப்பு, அப்புறம் நீலம், ஓரங்களில் கறுப்பு. வரிசையை மாற்றாதீர்கள். மஞ்சள் மேல் நேராக நீலம் பட்டால் பச்சையாகி, பாசி பிடித்த தொட்டி மாதிரி இருக்கும். விரலால் தேய்த்துக் கலக்கும்போது உள்ளேயிருந்து வெளியே தேயுங்கள், ஒவ்வொரு தேய்ப்புக்கும் விரலைத் துணியில் துடையுங்கள். எல்லோரும் கோட்டைவிடுவது இந்தத் துணியில்தான்.

ஆட்களுக்குப் பயப்பட வேண்டாம். முக்காடு போட்டு மண்டியிட்ட பெண் என்பது ஒரு மாங்காய், அவ்வளவுதான். புடவை பார்டரில் வருகிற மாங்காயை அகலமான பக்கம் கீழே இருக்கிற மாதிரி நிறுத்துங்கள், நுனி வெளிச்சத்தைப் பார்த்து வளையட்டும். மாதா தயார். மாதாவின் கணவர் சூசையப்பருக்கு அதே மாங்காயை நீட்டி, பக்கத்தில் ஒரு கோல். கண், மூக்கு, வாய் வைக்கவே வைக்காதீர்கள். வெளிச்சம் படுகிற பக்கத்து விளிம்பில் மட்டும் ஒரு மஞ்சள் கோடு இழுத்தால் ஆள் உட்கார்ந்திருப்பது தெரியும். இதைப் பார்த்து ஓவிய ஆசிரியர்கள் யாராவது சண்டைக்கு வந்தால், எட்டரை மணிக்குச் சார்ட் கேட்டது நான் இல்லை என்று பணிவாகச் சொல்லிக்கொள்கிறேன்.

மாடும் கழுதையும் வரவில்லையா, விட்டுவிடுங்கள். அந்த அவமானத்துக்கு அப்புறம் வீம்புக்கு நிறைய படித்தேன். பைபிளின் நற்செய்தியில் இயேசு பிறப்பைச் சொல்கிற இடத்தில் மாடு, கழுதை கிடையாது. 1223இல் அசிசி பிரான்சிஸ் என்ற புனிதர் இத்தாலியில் கிரெச்சோ என்ற ஊரில் குடில் அமைத்தபோது நிஜ மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார், நம் ஊர்க் குடில்வரை அவை நடந்து வந்துவிட்டன. குழந்தையைப் பார்க்க வந்த ராஜாக்கள் மூன்று பேர் என்றும் நற்செய்தி எழுதிய மத்தேயு எழுதவில்லை, காணிக்கைதான் மூன்று. அவர்கள் திருநாளே ஜனவரி 6. அதனால் மூன்று ராஜாவையும் ஒட்டகத்தையும் தூரத்துக் குன்றின் மேல் மூன்று புள்ளியாக வைத்துவிடலாம், யாரும் குறை சொல்ல முடியாது. ஒட்டகம் வரையத் தெரியாததை இதைவிடக் கௌரவமாக மறைக்க வழியில்லை.

பனியையும் தேடினேன். பெத்லகேம் ஏறக்குறைய 775 மீட்டர் உயரத்தில் உள்ள மலை ஊர். நம் ஓசூர் அதைவிட உயரம். குளிரும், மழை பெய்யும், வெண்பனி எப்போதாவது விழும். 1843இல் லண்டனில் அச்சான முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையிலும் பனி இல்லை, ஒரு குடும்பம் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிற படம். தாத்தாவின் பனி வேண்டுமென்றால் குன்றின் அடிவாரத்தில் வெள்ளைப் பேஸ்டலைப் படுக்கவைத்து லேசாக ஒரு இழுப்பு இழுத்து, விரலால் குறுக்கே தேய்த்துவிடுங்கள்.

நட்சத்திரம் கடைசியில். வானத்தில் முன்பே கொஞ்சம் மஞ்சள் பூசி, அங்கே மட்டும் தேய்த்துக் கலக்காமல் மேலே அழுத்தமாக நீலம் போட்டிருந்தால், ஊக்கு நுனியால் சுரண்டினால் போதும், மஞ்சள் எட்டிப் பார்க்கும். வாட்டர் கலரென்றால் முதலில் மெழுகுவத்தியால் புள்ளி வைத்து மேலே நீலம் ஓட்டுங்கள், மெழுகு இருக்கிற இடத்தில் கலர் ஒட்டாது. புள்ளிப் புள்ளிச் சுங்குடி மாதிரி சீராக வைக்காதீர்கள். ஒரு பக்கம் கூட்டமாக, ஒரு பக்கம் காலியாக இருக்கட்டும்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே கடை வாசலில் ஒரு பெண் வந்து நிற்கிறாள். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். டிசம்பர் 20க்கு மேல் லைனிங் ஜாக்கெட் துணியைக் கொடுத்துவிட்டு 24ஆம் தேதி பூசைக்கு வேண்டும் என்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கூலியில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்வதாவது பொறுக்கலாம், 'உட்கார்ந்து படம் போட நேரம் இருக்கு, என் ஜாக்கெட்டுக்கு இல்லையா' என்று கேட்பதைப் பொறுக்க முடியவில்லை. தைத்து வைத்து இரண்டு வருடமாக யாரும் வந்து வாங்காத ஜாக்கெட் என் அலமாரியில் பதினொன்று இருக்கிறது.

சரி, படத்தை முடித்ததும் மேலே ஒரு செய்தித்தாளை வைத்து அப்புறம் சுருட்டுங்கள், இல்லாவிட்டால் பேஸ்டல் பின்பக்கத்தில் ஒட்டும். ஒருவேளை உங்களிடம் கேட்டிருப்பது சார்ட் இல்லை, என்னைப் போலத் துணியில் திரை என்றால், பவுடர் கலரில் மறக்காமல் ஃபெவிகால் கலந்துகொள்ளுங்கள்.