சிரங்குக்குப் பின் சிறுநீரக அழற்சி: தண்ணீர் நிறையக் கொடுக்கலாமா?

சகோதரி, உங்கள் 8 வயதுப் பையனுக்குக் காலில் சிரங்கு வந்து ஒரு மாதம் கழித்து முகம் வீங்கி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனது, இரத்தத்தில் சி3 (நோய் எதிர்ப்புக்கு உதவும் ஒரு புரதம்) குறைவு, கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 1.3, இந்த வயதுக்கு அது அதிகம், பக்கத்து வீட்டார் தண்ணீர் நிறையக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சிரங்கை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியின் தொற்றுக்குப் பின் வரும் சிறுநீரக அழற்சி என்று மருத்துவர் சொன்னது இதோடு நன்றாகப் பொருந்துகிறது. கிருமி சிறுநீரகத்துக்குள் புகவில்லை. அதை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருட்கள் சிறுநீரக வடிகட்டிகளில் படிந்து அழற்சியைக் கிளப்பியிருக்கின்றன. வடிகட்டல் குறைவதால் உப்பும் நீரும் உடம்பில் தேங்கி இரத்த அழுத்தம் ஏறும்.

அதனால் பக்கத்து வீட்டார் சொன்ன பார்லித் தண்ணீரும் இளநீரும் இப்போது வேண்டவே வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் என்ற உப்புச்சத்து வேறு அதிகம், இப்போது அதுவும் உடம்பில் தேங்கலாம். தண்ணீர் மருத்துவர் சொன்ன அளவுக்கு மட்டும்தான். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். காய்ச்சல் வந்தாலும் ஐபுபுரூஃபன் என்ற வலி, காய்ச்சல் மருந்தைக் கொடுக்காதீர்கள், அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். தினமும் காலையில் எடை பார்த்து எழுதி வையுங்கள், ஏறினால் நீர் தேங்குகிறது என்று தெரிந்துவிடும். கடுமையான தலைவலி, வாந்தி, மூச்சு வாங்கல், வலிப்பு, சிறுநீர் குறைவது, இதில் எது வந்தாலும் நடுராத்திரி என்று பார்க்காமல் உடனே கிளம்புங்கள்.

பெரும்பாலான குழந்தைகள் முழுதாகத் தேறிவிடுகிறார்கள், தைரியமாக இருங்கள். சி3 பொதுவாக 6 முதல் 8 வாரத்தில் ஏறிவிடும். 3 மாதமாகியும் ஏறாவிட்டால் பயாப்ஸி (சிறுநீரகத்தில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) தேவையா என்று கேளுங்கள். சிறுநீரில் மைக்ராஸ்கோப்பில் மட்டும் தெரியும் இரத்தம் பல மாதம் நீடிக்கலாம், அதற்காகக் கலங்காதீர்கள்.